முருங்கை விதையும் குடிநீரும்

கோயம்புத்தூரில் ஆர்.எஸ்.புரம் என்று எல்லோரும் அழைக்கும் பகுதியின் முழுப்பெயர் இரத்தினசபாபதிபுரம். நகரசபைத் தலைவராக விளங்கிய திவான் பகதூர் சி. எஸ். இரத்தினசபாபதி முதலியாரின் நினைவைத் தாங்கி நிற்கும் பெயர் அது. கிணறுகளையும் குளங்களையும் நம்பித் தவித்த அந்நகரத்துக்குச் சிறுவாணி மலைநீரைக் கொண்டுவர அரும்பாடுபட்டவர்களுள் அவர் ஒருவர். 1929-ஆம் ஆண்டில் அந்த நீர் நகரை வந்தடைந்தது. நல்ல தண்ணீர் ஓர் ஊருக்கு எவ்வளவு பெரிய செல்வம் என்பதை அந்தப் பெயர் இன்றும் நினைவூட்டுகிறது.

ஆனால் எல்லா ஊர்களுக்கும் ஒரு சிறுவாணி வாய்ப்பதில்லை. குழாய் எட்டாத சிற்றூர்களில் மக்கள் ஆற்றையும் குட்டையையும் நாடுகிறார்கள். மழைக்காலத்தில் அந்த நீர் செந்நிறமாகக் கலங்கி ஓடும். அதை எப்படித் தெளிய வைப்பது? நம் முன்னோர் கண்ட வழி தேற்றாங்கொட்டை. பானையின் உட்புறத்தில் அக்கொட்டையைத் தேய்த்து நீரூற்றி வைத்தால், சற்று நேரத்தில் மண் அடியில் தங்கிவிடும். கலித்தொகையிலேயே இச்செயல் உவமையாக வந்திருக்கிறது.

இதே வேலையைச் செய்ய வல்ல மற்றொரு விதை நம் கொல்லைப்புறத்திலேயே இருக்கிறது. அதுதான் முருங்கை விதை. மூலனூரும் அரவக்குறிச்சியும் முருங்கைக்குப் பெயர் பெற்ற கொங்கு நாட்டு ஊர்கள். ஆர்.எஸ்.புரத்தை அடுத்து அமைந்திருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெரியகுளம் தோட்டக்கலை நிலையம், பி.கே.எம்.-1 என்ற செடிமுருங்கையை உழவர்களுக்கு அளித்தது. காயை நாம் குழம்பில் இடுகிறோம். முற்றி உலர்ந்த விதையையோ மறந்துவிடுகிறோம். அந்த விதைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு கேள்வி. கிருமியைக் கொல்லும் பொருள் ஒரு விதைக்கு எதற்கு? ஈரமண்ணில் விழுந்த விதையின் நிலையை எண்ணிப் பாருங்கள். இளஞ்செடிக்கென்று தாய்மரம் கட்டிக்கொடுத்த எண்ணெயும் புரதமும் அதனுள் நிறைந்திருக்கின்றன. சுற்றிலுமோ அவற்றை உண்ணக் காத்திருக்கும் எண்ணற்ற பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும். விதையால் ஓடி ஒளிய முடியாது. ஆகவே பல தாவரங்கள் தம் விதைக்குள் உணவோடு படைக்கலத்தையும் சேர்த்து வைக்கின்றன. கடுகை வாயிலிட்டுக் கடித்தால் காரம் ஏறுகிறதன்றோ? முழுக்கடுகில் அந்தக் காரம் இல்லை. கடுகு நசுங்கும்போது, தனித்தனியே இருந்த ஒரு கந்தகச் சேர்மமும் ஒரு நொதியும் கலந்து அக்காரத்தைப் பிறப்பிக்கின்றன. அந்தக் காரப்பொருள் நுண்ணுயிர்களுக்குப் பகை.

முருங்கை விதையில் இத்தகைய படைக்கலங்கள் இரண்டு உள்ளன. ஒன்று, கடுகின் காரத்துக்கு உறவான ஐசோதயோசயனேட்டு என்னும் வகைப் பொருள். 1981-ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானிகள் இதனை விதையிலிருந்து பிரித்து, சில பாக்டீரியாக்களின் வளர்ச்சியை இது தடுப்பதாகக் காட்டினார்கள். மற்றொன்று, சுமார் 60 அமினோ அமிலங்களால் ஆன ஒரு சிறு புரதம். இதன் அமைப்பு 1995-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. நீரைத் தெளிய வைப்பதில் முதன்மையான பங்கு இப்புரதத்தினுடையது.

அது எவ்வாறு நிகழ்கிறது? நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் உடையவை. ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை ஒன்றையொன்று விலக்கும். அதனால்தான் அவை ஒன்றுசேர்ந்து அடியில் படியாமல் மிதந்துகொண்டே இருக்கின்றன. முருங்கைப் புரதமோ நேர்மின்னூட்டம் மிக்கது. அது துகள்களைக் கவர்ந்து ஒன்றோடொன்று பிணைக்கிறது. திரண்டவை கனத்துக் கீழே இறங்குகின்றன. படிகாரமும் இவ்வாறே நீரைத் தெளிவிக்கிறது. பாக்டீரியாவின் மேற்புறமும் எதிர்மின்னூட்டம் உடையதே. ஆகவே பல கிருமிகள் மண்ணோடு சேர்ந்து படிகின்றன. அதுமட்டுமன்று. இப்புரதம் பாக்டீரியாவின் மென்சவ்வையே சிதைத்து அதைக் கொல்லவும் வல்லது என்று 2015-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று விளக்கியது.

இந்தியாவில் தோன்றிய முருங்கை, சூடான் நாட்டு நைல் கரையிலும் வேரூன்றிவிட்டது. அங்குள்ள கிராமத்துப் பெண்கள் அதன் விதையை இடித்து ஆற்று நீரைத் தெளிவிப்பதை ஸாமியா அல் அஸாரியா யான் என்ற பெண் விஞ்ஞானி விரிவாக ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தார். முறை எளியது. முற்றிய விதையின் தோலை நீக்கிப் பொடித்து, சிறிது நீரில் குழைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். கலங்கலுக்கு ஏற்ப லிட்டருக்கு ஒன்றோ இரண்டோ விதை போதும். வடித்த சாற்றை நீரில் ஊற்றி முதலில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் கலக்கி, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் அசையாது வைக்க வேண்டும். 1987-இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்குள் 90 முதல் 99.99 விழுக்காடு வரை பாக்டீரியாக்கள் குறைந்தன.

மாணவ நண்பர்களே, இந்த எண்ணைக் கேட்டு மகிழ்ந்து இங்கேயே நின்றுவிடக் கூடாது. அதே ஆய்வு மற்றொன்றையும் கண்டது. 24 மணி நேரம் கவனித்தபோது, வயிற்றுநோய் தரும் சிலவகைக் கிருமிகள் அந்த நீரில் மீண்டும் பெருகின. காரணம் யாது? படிந்த வண்டலில் கிருமிகள் பல உயிரோடு இருக்கின்றன. விதைச் சாற்றிலோ கிருமியை எதிர்க்கும் பொருளோடு, கிருமிக்கு உணவாகும் பொருளும் கலந்திருக்கிறது. நகரத்துக் குடிநீரில் சேர்க்கும் குளோரின் குழாயின் கடைசி வரை உடன் சென்று காவல் புரியும். விதைக்கு அந்த ஆற்றல் இல்லை. எனவே தெளிந்த நீரை வண்டல் கலங்காமல் உடனே வேறு பாத்திரத்தில் இறுத்து, நன்றாகக் கொதிக்க வைத்தே பருக வேண்டும். இக்குறையை நீக்கவும் முயற்சி நடந்தது. 2012-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் புரதத்தை மட்டும் மணலில் ஒட்ட வைத்து, எஞ்சியவற்றைக் கழுவி அகற்றும் வழியைக் காட்டினார்கள்.

ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் ஒரு பொருள் கிருமியைக் கொன்றால், அது உடனே நோய்க்கு மருந்தாகிவிட்டதென்று கொள்ளலாகாது. 1946-ஆம் ஆண்டிலேயே பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார், முருங்கை வேரில் கிருமியை எதிர்க்கும் பொருள் உண்டென்று எழுதினார்கள். ஆயினும் உடலுக்குள் எவ்வளவு சென்றால் நன்மை, எவ்வளவு சென்றால் தீங்கு என்பதைத் தனியே சோதித்தறிந்த பின்னரே எதையும் மருந்தென்று கொள்ள முடியும். காய்ச்சலும் பேதியும் கண்டவருக்கு விதைப்பொடியைக் கொடுத்துவிட்டு மருத்துவரிடம் செல்லாமல் இருப்பது பேராபத்து.

உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் கலங்கிய நீரை இரண்டு கண்ணாடிக் குவளைகளில் எடுத்து, ஒன்றில் மட்டும் முருங்கைச் சாற்றை விட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் வேற்றுமை கண்ணுக்குத் தெரியும். பின்னர், தெளிந்த நீரின் ஒரு துளியில் எத்தனை உயிர்கள் எஞ்சியிருக்கின்றன என்பதையும் ஆசிரியரின் துணையோடு சோதித்தறியுங்கள். தெளிவும் தூய்மையும் ஒன்றல்ல என்பது அப்போது உங்களுக்கு நன்கு விளங்கும்.