அவரைக் கொடியில் அசுவினி: எறும்பும் பொறிவண்டும்

வீட்டுத் தோட்டத்து அவரையின் இளங்குருத்திலும் பூங்கொத்திலும் பிஞ்சிலும் மொய்த்துச் சாறு உறிஞ்சும் கருநிறப் பூச்சி அசுவினி எனப்படும். அசுகுணி என்பது பேச்சுவழக்கு. இதனைக் கண்டவுடன் நஞ்சு தெளிப்பது பெருவழக்காக உள்ளது. எறும்பும் இயற்கை எதிரிகளும் அசுவினிப் பெருக்கத்தில் கொள்ளும் பங்கை நோக்காத தெளிப்பு எதிர்விளைவையே தரக்கூடும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வெப்பமான பகுதிகளில் பெண் அசுவினி ஆணோடு கூடாமலேயே குஞ்சுகளை ஈனுகிறது. பிறக்கும் குஞ்சினுள்ளேயே அடுத்த தலைமுறையின் கரு உருவாகத் தொடங்கியிருக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் குஞ்சு தாயாகிவிடுவதால், தெளிப்பிற்குத் தப்பிய சிலவே கொடியை மீண்டும் நிறைக்கப் போதுமானவை.

கொடியின் சாற்றில் சர்க்கரை மிகுதி, புரதக்கூறு குறைவு. ஆதலால் அசுவினி சாற்றை மிகுதியாக உறிஞ்சி, எஞ்சும் சர்க்கரையைத் தேன்துளியாகக் கழிக்கிறது. அத்துளி படிந்த இலையில் கரும்பூசணம் படர்கிறது. தேன்துளியை உண்ண வரும் எறும்போ, அசுவினிக் கூட்டத்தைக் காக்கும்பொருட்டுப் பொறிவண்டை விரட்டுகிறது. எனவே கொடியேறும் எறும்புச் சாரியே முதலில் கவனிக்கத்தக்க அடையாளம். பந்தற்காலில் துணி சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவினால் அவ்வழி அடைபடும். சுவரைத் தொடும் கொடியை விலக்காவிடில் இம்முயற்சி வீண்.

பொறிவண்டின் புழு சிறு முதலை போன்ற தோற்றமுடையது. பயிரைத் தின்னும் புழுவென நசுக்கப்படுவதும் பெரும்பாலும் இதுவே. வளர்ந்து முடிவதற்குள் ஒரு புழு நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்னும். பழுப்பேறி உப்பி அசையாதிருக்கும் அசுவினியினுள் ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது; அவ்விலையைக் கிள்ளி எரித்தால் குளவியும் அழியும். பலவகைப் பூச்சிகளைக் கொல்லும் நஞ்சு இவ்விரண்டையும் மடியச் செய்கிறது. அசுவினி விரைந்து மீள, எதிரிகள் மீள நாளாகிறது. மேலும், அவரை சில நாட்களுக்கு ஒருமுறை பறிக்கப்படுவது. நஞ்சின் காத்திருப்புக் காலம் முடியுமுன் காய் அடுப்பேறிவிடும்.

தொடக்க நிலையில், இலையின் அடிப்புறத்தில் நீரை வேகமாகப் பீய்ச்சுவதும் மிகுதியாக மொய்த்த நுனியைக் கிள்ளுவதும் போதுமானவை. அவை பயனளிக்காதபோது, 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து இரவு முழுதும் நீரில் ஊறவைத்து, வடிகட்டி 1 லிட்டராக்கி, சிறிது காதிச் சோப்புக் கரைத்து மாலையில் தெளிக்கலாம்.

தேமல் நோய் இதற்கு விலக்கு. அசுவினி பரப்பும் தேமல் நச்சுயிரிகள் பல, அது ஊசிவாயைச் சில நொடிகள் செருகிய அளவிலேயே கொடிக்குள் புகுந்துவிடும். நஞ்சு அதற்குள் அதனைக் கொல்வதில்லை. தேமல் கண்ட கொடியைத் தொடக்கத்திலேயே வேரோடு அகற்றுவதே வழி.