ஊரைக் கேட்டீர்களா?

வீட்டில் சமையற்கட்டை இடித்துக் கட்டப் போகிறோம் என்று வைத்துக் கொள்ளுங்கள். கொத்தனார் வருகிறார். வீட்டுக்காரர் வருகிறார். வீட்டுக்காரரின் சிநேகிதர், சகலமும் தெரிந்தவர், அவரும் வருகிறார். மூவருமாகச் சேர்ந்து மேடை இங்கே, ஜன்னல் அங்கே, குழாய் இந்த மூலையில் என்று கோடு போட்டு விடுகிறார்கள். அந்த அறையில் தினம் ஆறு மணி நேரம் நிற்கப் போகிறவள் கூடத்தில் அவர்களுக்குக் காப்பி ஆற்றிக் கொண்டிருக்கிறாள். கட்டி முடிந்த பிறகு, குழாய்க்கும் அடுப்புக்கும் நடுவே நாளைக்கு நாற்பது தடவை நடக்கும்போது அவள் மனசுக்குள் சொல்லிக் கொள்ளும் வார்த்தைகளை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

இதையே ஓர் ஊர் அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். குடிதண்ணீர் டாங்க், சிமெண்டு ரோடு, சாக்கடை, பாலம், சுரங்கம் எல்லாவற்றுக்கும் எங்கேயோ யாரோ கோடு போடுகிறார்கள். ஊர்க்காரர்களைக் கேட்டார்களா? கேட்டார்கள் என்றால் எப்போது? கோடு போடுமுன்பா, போட்ட பின்பா? இதைக் கண்ணால் பார்த்து வரலாம் என்றுதான் 2025 ஆகஸ்டு 15-ஆம் தேதி காலையில் படக்காரரையும் கூட்டிக்கொண்டு மதுரை மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறினேன்.

ஒத்தக்கடையில் யானைமலை தும்பிக்கையை நீட்டிப் படுத்திருந்தது. பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனம் உள்ள பூமி. ஆனால் கடைமடை. தண்ணீர் வந்தால் ஒரு போகம், வராவிட்டால் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். மேலூரில் இறங்கி மினி பஸ் பிடித்து ஒரு கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே நான் பார்த்தது எந்த ஊரிலும் நடக்கக் கூடியது. தவிர, பேசியவர்கள் நாளைக்கும் அதே தெருவில்தான் குடியிருக்க வேண்டும்.

அரசமரத்தடியில் துணிப்பந்தல். பத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகள். நடுவில் இருந்த பெரிய நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. மதுரை ஜில்லா உள்பட பல ஜில்லாக்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போயிருந்த சமயம் அது. ஊராட்சிச் செயலர் ஒரு நீண்ட நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் எல்லாம் கையெழுத்து வாங்கிக் கொண்டிருந்தார். கூட்டத்துக்கு இவ்வளவு பேர் வரவேண்டும் என்று சட்டத்தில் கணக்கு இருக்கிறது. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊர் என்றால் குறைந்தது 100 பேர். பந்தலுக்குள் நான் எண்ணிய தலைகளை விட நோட்டில் இருந்த கையெழுத்துக்கள் அதிகம். அவருடைய சங்கடம் அவருக்கு!

தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு தடவை கிராமசபை கூட வேண்டும். குடியரசு தினம், மார்ச் 22 தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சி தினம் ஆகிய ஆறு நாட்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் சபையின் அங்கத்தினர். சட்டசபைக்கு நாம் ஆளை அனுப்புகிறோம். இந்தச் சபைக்கு நாமே போகலாம். 1992-ல் செய்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், 1994-ல் வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கொடுத்த பாத்தியதை இது.

கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து, வரவு செலவு வாசித்து முடித்த பிறகு ஓவர்சியர் எழுந்தார். வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கும் திட்டத்தில் புது டாங்க் வரப் போகிறது என்றும், சாவடிக்குப் பக்கத்துக் களத்தில் இடம் பார்த்தாகிவிட்டது என்றும், மதிப்பீடும் தயார் என்றும் சொன்னார். 'சபையின் ஒப்புதல்' என்று முடித்து, கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார்.

கைதட்டல் வரவில்லை.

"களத்துல டாங்க்கைக் கட்டிப்புட்டா நெல்லை எங்கிட்டுக் காயப் போடுறதாம்?" என்றாள் முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி. "போன தடவை ரோட்டுல போட்டு, பாதியை லாரி சக்கரம் கொண்டுக்கிட்டுப் போயிருச்சு."

"அதெல்லாம் பார்த்துக்கிடலாம் அப்பத்தா" என்று யாரோ சமாதானம் சொன்னார்கள்.

அப்போது பின்வரிசையில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் எழுந்தாள். முப்பது வயசுக்குள் இருக்கும். காலனித் தெருவைச் சேர்ந்தவள் என்று பிறகு தெரிந்தது. "எங்க தெருவுக்குக் கடைசிக் குழாய் சார். முத தெருவுல எல்லாரும் பிடிச்சு முடிச்ச பொறவுதான் எங்களுக்குச் சொட்டும். களம் பள்ளத்துல கிடக்கு. எங்க பக்கம் மேடு. டாங்க்கு மேட்டுல இருந்தா எல்லாத் தெருவுக்கும் ஒண்ணுபோல இறங்கும்ல?"

"ஏத்தா, ஒன் வீட்டுக்காரன் வரலையா? அவனைப் பேசச் சொல்லு" என்றார் நாற்காலியில் இருந்த ஒருவர்.

"அவரா சார் தண்ணி தூக்குறாரு?"

பெண்கள் பக்கம் கொல்லென்று சிரித்தார்கள். சிரித்ததில் முதல் தெருப் பெண்களும் உண்டு. படக்காரர் காமிராவை எடுப்பதற்குள் அவள் உட்கார்ந்து விட்டாள்.

டாங்க் கதையின் மிச்சத்தைக் கடைசியில் சொல்கிறேன். சபையில் ஆள் எழுந்து மறுத்துப் பேசுவது நம் சீமைக்குப் புதிதல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி எல்லாரும் படித்திருப்பீர்கள். அதற்கும் நூறு வருஷத்துக்கு முந்தியது, பாண்டிய நாட்டில், திருநெல்வேலிச் சீமை மானூரில் உள்ள கல்வெட்டு. கி.பி. 800-ஐ ஒட்டிய காலம். சபையில் யார் உட்காரலாம் என்பதற்கு அதில் விதி இருக்கிறது. எந்தப் பேச்சை எடுத்தாலும் 'அன்று, அன்று' என்று மறித்துக் கொண்டே இருப்பவருக்கு ஐந்து காசு தண்டம் என்றும் இருக்கிறது! எதற்கெடுத்தாலும் 'ஆமாம், ஆமாம்' என்று தலையாட்டுகிறவருக்குத் தண்டம் விதிக்க அந்தச் சபையாருக்குத் தோன்றவில்லை. நிலத்தில் பங்கும் சாஸ்திரப் படிப்பும் உள்ளவர்கள் மட்டுமே உட்கார்ந்த சபை அது என்பதையும் மறந்துவிடக் கூடாது. இடுப்பில் குழந்தையோடு வந்தவளுக்கு அங்கே இடம் கிடையாது.

அதே மேலூர் வட்டாரத்தில்தான் அரிட்டாபட்டி இருக்கிறது. ஏழு மலைக் குன்றுகள். அவற்றிலிருந்து சுரக்கும் ஊற்றுகள். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் குளம் குட்டைகள். பாறையில் சமணர் படுக்கையும், தமிழி எழுத்தும், பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயிலும் உண்டு. வல்லூறும் ராஜாளியும் அந்தப் பாறைகளில் கூடு கட்டுகின்றன. தேவாங்கும் அழுங்கும் அங்கே உண்டு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேர் நிலத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. தமிழ்நாட்டில் முதன்முதலாக அந்தப் பெயர் பெற்ற இடம் இதுதான்.

சரியாக இரண்டு வருஷம் கழித்து, 2024 நவம்பர் 7-ஆம் தேதி, மத்திய சுரங்க அமைச்சகம் ஓர் ஏல முடிவை வெளியிட்டது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி, பரப்பு ஏறத்தாழ 2,015 ஹெக்டேர், ஏலம் எடுத்தது ஹிந்துஸ்தான் ஜிங்க் கம்பெனி. டங்ஸ்டன் என்றால் வேறொன்றுமில்லை. பழைய குண்டு பல்புக்குள் சிவந்து எரிந்ததே ஒரு மெல்லிய கம்பி, அந்த உலோகம். இப்போது வெட்டுக் கருவிகளுக்கும் ராணுவத் தளவாடங்களுக்கும் அதன் தேவை அதிகம். தேசத்துக்கு வேண்டிய பொருள்தான். ஆனால் அரிட்டாபட்டி மலையும் அதைச் சுற்றிய ஊர்களும் தங்கள் நிலம் ஏலத்தில் போனதைச் செய்தியாகத்தான் தெரிந்து கொண்டன.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சுரங்கத்துக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு என்பது சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும் கட்டத்தில்தான் வரும். அதற்கு வெகு முன்பே ஏலம் முடிந்து விடுகிறது. நிச்சயதார்த்தம் முடிந்து, தாம்பூலம் மாற்றி, பத்திரிகை அடித்த பிறகு பெண்ணைக் கூப்பிட்டுச் சம்மதமா என்று கேட்பது போல!

அந்த வருஷம் தீபாவளியை ஒட்டி நவம்பர் 1-ஆம் தேதிக் கிராமசபை 23-ஆம் தேதிக்குத் தள்ளிப் போயிருந்தது. மேலூர் வட்டார ஊராட்சிகள் பலவற்றில் அன்றைக்குச் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ஆம் தேதி தமிழ்நாடு சட்டசபையிலும் ஏலத்தை ரத்து செய்யக் கோரி ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பல்லுயிர்த் தலம் உள்ள பகுதியை விட்டுவிட்டு எல்லையை மறுபடி வரையலாமா என்று பார்க்கும்படி புவியியல் ஆய்வுத் துறைக்கு டிசம்பர் 24-ஆம் தேதி மத்திய அமைச்சகம் சொன்னது. நாம் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பகுதி மொத்தத் தொகுதியில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. மற்ற ஒன்பது பங்கில் இருப்பது வயலும் கண்மாயும் குலதெய்வமும். ஜனங்கள் ஒப்பவில்லை. 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தமுக்கம் வரை ஆணும் பெண்ணுமாகப் பல்லாயிரம் பேர் ஊர்வலம் வந்தார்கள். பிறகு ஊர்ப் பிரதிநிதிகள் டில்லிக்கே போய்ச் சுரங்க அமைச்சரைப் பார்த்தார்கள். ஜனவரி 23-ஆம் தேதி ஏலம் ரத்து என்று அறிவிப்பு வந்தது.

வெற்றிதான். சந்தேகமில்லை. ஆனால் ஊர் தானாகத் திரண்டு பெற்ற வெற்றி. கேட்டதற்குச் சொன்ன பதில் அல்ல. ஒரிஸ்ஸாவில் நியமகிரி மலை விஷயத்தில் 2013-ல் சுப்ரீம் கோர்ட்டே கிராமசபைகளைக் கேளுங்கள் என்று உத்தரவிட்டது. பன்னிரண்டு கிராமசபைகள் கூடின. பன்னிரண்டும் பாக்ஸைட் சுரங்கம் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. அது வனவாசிகளின் உரிமைச் சட்டத்தால் வந்த பலம். சமவெளிச் சம்சாரிகளுக்கு அந்தச் சட்டம் துணைக்கு வராது. இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பரில், டங்ஸ்டன் போன்ற முக்கிய கனிமங்களின் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்குக் கொடுத்தது. தாம்பூலம் மாற்றிய பிறகு கேட்ட அந்த ஒரு கேள்வியும் இனி வேண்டாம் என்றாகிவிட்டது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

கேட்டால் மட்டும் போதுமா, யார் பதில் சொல்லலாம் என்று ஒன்று இருக்கிறதே! அது இந்தச் சீமையில் சுலபமாகத் தீர்ந்த விஷயமல்ல. அரிட்டாபட்டி இருக்கும் அதே மேலூர் வட்டாரத்தில்தான் மேலவளவும் இருக்கிறது. 1996-ல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டது. தேர்தலில் நின்று ஜயித்துத் தலைவரான முருகேசனும் உடன் வந்தவர்களும் 1997 ஜூன் 30-ஆம் தேதி பஸ்ஸில் ஊர் திரும்பும்போது வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களில் இதே ஒதுக்கீட்டை ஊரார் ஏற்காததால் பத்து வருஷம் தலைவர் நாற்காலி நிலைக்கவில்லை. 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் நடந்தது. அந்தப் பாப்பாபட்டிக் கிராமசபையில் 2021 அக்டோபர் 2-ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் வந்து உட்கார்ந்தார் என்றால் காலம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். பெண்களுக்கு உள்ளாட்சியில் பாதி இடம் என்று 2016-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. நாற்காலியில் உட்காருவது மனைவி, கையெழுத்தைத் தவிர மற்றதெல்லாம் கணவர் என்று நடக்கிற ஊர்களும் உண்டு. அதை நம் வீட்டுப் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி டாங்க்குக்கு வருவோம். வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கும் ஜல் ஜீவன் திட்டம் 2019-ல் அறிவிக்கப்பட்டது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், அதாவது ஏறத்தாழ நான்கு குடம் தர வேண்டும் என்பது கணக்கு. ஊரின் திட்டத்தைக் கிராமசபை ஒப்ப வேண்டும், தண்ணீர்க் கமிட்டியில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று அதன் விதிகளே சொல்கின்றன. ஏட்டில் அந்தப் பெண் எழுந்து பேச முழு அதிகாரம் இருக்கிறது. பந்தலுக்குள்ளே "மதிப்பீடு போட்டாச்சும்மா, மாத்த முடியாது" என்றார் ஓவர்சியர். பாட்டி களத்தை விடவில்லை. முதல் தெருக்காரர்கள் சாவடியை விடவில்லை. கடைசியில் செயலர் நோட்டில் என்னவோ எழுதி மூடப் போனார்.

"என்ன எழுதியிருக்கீங்கண்ணே?" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

செயலர் வாசித்தார்: "குடிநீர்த் தொட்டி அமைவிடம் குறித்த பொருள் பரிசீலிக்கப்பட்டது."

"பரிசீலிக்கப்பட்டதுன்னா?"

"யோசிச்சோம்னு அர்த்தம்."

"நீங்க யோசிச்சதை எழுத வேணாம்ணே. நாங்க சொன்னதை எழுதுங்க."

பாட்டியும் "ஆமா, எழுதப்பா" என்றாள். அவளுக்கு வேண்டியது களம். காலனிக் குழாயைப் பற்றி அவள் அவ்வளவாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இருந்தாலும் இரண்டு பேர் குரலும் ஒரே பக்கம் சேர்ந்து விட்டது. செயலர் ஓவர்சியரைப் பார்த்தார். ஓவர்சியர் வாட்சைப் பார்த்தார். பிறகு பழைய வரியை அடித்துவிட்டு, களத்துக்குப் பதிலாக மேட்டுப் பக்கத்துப் புறம்போக்கில் இடம் பார்த்து, இரண்டு இடத்தையும் அளந்து அறிக்கை தரவேண்டும் என்று மக்கள் கோரியதாகப் புதிதாக எழுதினார். அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டபின் அந்தப் பெண் வந்து கையெழுத்துப் போட்டாள்.

"மினி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது" என்று படக்காரர் என் காதோரம் சொன்னார். நாங்கள் புறப்பட்டபோது ஓவர்சியர் டேப்பை எடுத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் நடந்து கொண்டிருந்தார். டேப்பின் மறுமுனையை, இடுப்புக் குழந்தையைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு, அவள் பிடித்துக் கொண்டு போனாள்.