யானைத்தீ: தின்றாலும் அடங்காத பசி

'யானைப் பசிக்குச் சோளப்பொரி' என்ற பழமொழியைச் சொல்லாத ஊர் இல்லை. தேவை மலையளவு, கிடைப்பது கையளவு என்று பொருள். ஆனால், இதைவிடக் கடுமையான பசிக்கும் தமிழில் ஒரு சொல் உண்டு. அதுதான் 'யானைத்தீ'. எவ்வளவு உண்டாலும் தீராத பசிநோய்க்கு இந்தப் பெயர்.

மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்ற பெண்ணை இந்த நோய் வாட்டுகிறது. 12 ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் நாவல் கனி ஒன்றைத் தேக்கிலையில் வைத்துவிட்டு, நீராடப் போகிறார் ஒரு முனிவர். அவருக்கு அது ஒன்றே உணவு. செருக்கோடு வந்தவள் அதைக் காலால் சிதைத்துவிடுகிறாள். அடுத்த கனி கிடைக்கும்வரை யானைத்தீயால் வாடும்படி சாபம் விழுகிறது. (விளைந்ததை மிதித்தவளுக்குப் பசியே தண்டனை. உழவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.) கடைசியில் மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட உணவில்தான் அவள் பசி அடங்குகிறது.

ஏன் யானை? வளர்ந்த யானை நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீவனம் தின்னும். மாட்டைப்போல அசைபோடாது. தின்றதில் பாதிகூடச் செரிக்காமல் சாணத்தில் போய்விடும். அதனால் நாளின் பெரும்பகுதி மேய்ந்துகொண்டே இருக்கும். ஓசூர்ப் பக்கம் கேழ்வரகுக் கொல்லையில் இரவுக்காவல் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தீ என்பது, வயிற்றுச் சூடுதான் உணவைச் செரிக்க வைக்கிறது என்ற பழைய மருத்துவக் கருத்திலிருந்து வந்தது. 'வயிறு கபகபன்னு எரியுது' என்று இன்றும் சொல்கிறார்களே, அதே தீ. வடமொழி மருத்துவம் இந்நோயை 'பஸ்மகம்' என்கிறது. பஸ்மம் என்றால் சாம்பல். போட்டதெல்லாம் எரிந்து போகிறதாம்.

சாபம் கதையோடு போகட்டும். அடங்காத பசி இன்றும் நோயின் அறிகுறிதான். சர்க்கரை நோயில், ரத்தத்தில் சர்க்கரை இருந்தும் உடம்பின் செல்களுக்குள் போய்ச் சேராது. அதனால் பசி, தாகம், அடிக்கடி சிறுநீர், கூடவே எடைக் குறைவு. தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்தாலும் நிறையச் சாப்பிட்டும் இளைப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடலாம். சர்க்கரை நோய் பெரியவர்களுக்கு மட்டும் வருவதல்ல. நன்றாகச் சாப்பிடும் பிள்ளை சில வாரங்களில் இளைத்து, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு, இரவில் படுக்கையை நனைக்கத் தொடங்கினால் அன்றைக்கே அழைத்துப் போக வேண்டும்.