இணைய விளையாட்டுக் கொள்வனவும் மலையக நுகர்வோரின் உரிமையும்

வாங்கிய சேலையில் கிழிசல் இருந்தால் அதைத் திருப்பிக் கொண்டுபோய்க் காட்டுவதற்குப் பதுளைக் கடைத்தெருவில் ஒரு கடை இருக்கிறது. கடையில் ஒரு முதலாளி இருக்கிறார். விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்ற அறிவித்தல் சுவரில் தொங்கினாலும், பழகிய முகத்தைக் கண்டால் மாற்றிக் கொடுக்கும் மனிதத்தன்மை எமது வர்த்தகர்களிடம் இன்னும் அற்றுப் போய்விடவில்லை. ஆனால், கைத்தொலைபேசியிலோ கணினியிலோ பணம் செலுத்தி வாங்கப்படும் வீடியோ விளையாட்டுக்குக் கடையுமில்லை, முதலாளியுமில்லை. வெளிநாட்டு நிறுவனமொன்று ஆங்கிலத்தில் எழுதிவைத்த நிபந்தனைகளும், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கடிகாரமுமே அங்குள்ளன. அக்கடிகாரம் நின்றதும் பணத்தை மீளக் கேட்கும் உரிமையும் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. இந்தக் காலக்கெடு நியாயமானதா என்ற கேள்வியை ஊவாவின் தோட்டப்புறங்களில் இருந்து எழுப்ப வேண்டிய காலம் வந்துவிட்டது.

விளையாட்டு விடயத்துக்கு ஓர் ஆசிரியர் பக்கமா எனச் சிலர் கேட்கலாம். புதிதாக வெளிவரும் பெரிய கணினி விளையாட்டொன்று 60 டொலருக்கு விற்பனையாகிறது என வைத்துக்கொள்வோம். ஒரு டொலரை 300 ரூபாவாகக் கணக்கிட்டால் அது 18,000 ரூபா. 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அதன்படி, பசறையிலோ மடுல்சீமையிலோ கொழுந்து பறிக்கும் ஒரு தாய்க்குப் பதின்மூன்று நாட்கள் முழுப்பேர் விழுந்தாலும் அந்தத் தொகை முழுமையாகச் சேராது. நாட்சம்பளத்தை மேலும் உயர்த்தும் அறிவிப்புகள் பின்னர் வந்தபோதிலும் இந்த ஏற்றத்தாழ்வு அடிப்படையில் மாறிவிடவில்லை. மேல்நாட்டு இளைஞனுக்கு ஓரிரு நாள் பகுதிநேர உழைப்பாக இருப்பது, லயன் அறையில் வாழும் இளைஞனுக்கு அரை மாதத்து உழைப்பாகிறது. அவ்வாறு வாங்கியது இயங்காமற் போனால் இழப்பும் அதே அளவுக்குப் பெரிதாகும்.

முதலில் இன்றுள்ள நடைமுறைகளைப் பார்ப்போம். கணினி விளையாட்டுகளின் மிகப் பெரிய இணையக் கடையான ‘ஸ்டீம்’, வாங்கிய 14 நாட்களுக்குள்ளும் விளையாடிய நேரம் 2 மணித்தியாலத்துக்குக் குறைவாகவும் இருந்தால் காரணம் எதுவாயினும் பணத்தை மீளளிக்கிறது. இது 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. ‘பிளேஸ்டேஷன்’ கடையும் 14 நாட்கள் தருகிறது; ஆனால் விளையாட்டைப் பதிவிறக்கத் தொடங்கிவிட்டால், அது பழுதானதாக இருந்தாலன்றி அந்த வாய்ப்பு இல்லை. கைத்தொலைபேசிகளுக்கான ‘கூகுள் பிளே’ பொதுவாக 48 மணித்தியாலத்தை எல்லையாகக் கொண்டுள்ளது. அதற்குப் பின்னர் விளையாட்டைத் தயாரித்தவரையே நாட வேண்டும்.

இந்த எண்கள் எவையும் இயற்கை விதிகளல்ல. கூகுளின் கடையில் ஆரம்பத்தில் 24 மணித்தியாலமாக இருந்த அவகாசம் 2010ஆம் ஆண்டு டிசெம்பரில் 15 நிமிடமாகக் குறைக்கப்பட்டது. 2014இல் அது 2 மணித்தியாலமாயிற்று. விற்பவர் விரும்பியபோது சுருங்கியும் விரிந்தும் வந்துள்ள ஓர் எல்லையை, மாற்றவியலாத நியதியாக வாங்குபவர் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

காலக்கெடுவே இருக்கக் கூடாதென்பது எமது வாதமன்று. விற்பவரின் தரப்பிலும் நியாயமுண்டு. வாழைப்பழத்தைத் தின்று முடித்துவிட்டுத் தோலைத் திருப்பிக் கொடுப்பவருக்குப் பணம் கொடுக்க எந்தக் கடைக்காரரும் கடமைப்பட்டவரல்லர். 2021ஆம் ஆண்டில் ‘எமிக்கா கேம்ஸ்’ என்ற பெயரில் இயங்கிய ஒரு சிறு தயாரிப்பாளர், தமது விளையாட்டு 2 மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடுவதால் பலர் முழுமையாக விளையாடிவிட்டுப் பணத்தை மீளப் பெறுகிறார்கள் எனக் கூறி, தொழிலை விட்டே விலகப் போவதாக அறிவித்தார். ஒரே அளவுகோலை எல்லா விளையாட்டுக்கும் வைப்பதனால் விளையும் அநீதி இது. நூறு மணித்தியாலம் நீளும் விளையாட்டுக்கு 2 மணித்தியாலச் சோதனை போதாது. ஒன்றரை மணித்தியாலத்தில் முடியும் விளையாட்டுக்கு அது மிகை.

எனவே, எல்லை எவ்வளவு நீளமானது என்பதைவிட, கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதே முக்கியமான வினா எனலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைகள் பணிப்புரையில்கூட இந்த வேறுபாட்டைக் காணலாம். தொலைவிலிருந்து வாங்கிய பொருளை வேண்டாமெனத் திருப்பிக் கொடுக்கும் 14 நாள் அவகாசம், அப்பொருள் கையில் கிடைத்த நாளில் இருந்து கணக்கிடப்படுகிறது. இணையவழி உள்ளடக்கத்துக்கோ ஒப்பந்தம் முடிந்த நாளில் இருந்தே அது ஓடத் தொடங்குகிறது. வாங்குபவர் இணங்கிப் பதிவிறக்கத் தொடங்கியதும் அவ்வுரிமையே அற்றுப்போகிறது.

வேகமான இணைய இணைப்புள்ள நகரவாசிக்கு இவ்விரண்டும் ஒன்றுதான். பணம் செலுத்திய சிறிது நேரத்தில் விளையாட்டு அவர் கையில் இருக்கும். நமுனுகுலை மலைச்சரிவிலோ லுணுகலையிலோ இருப்பவருக்கு அப்படியல்ல. 60 கிகாபைட் அளவுள்ள விளையாட்டொன்று விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் தடையின்றி இறங்கினாலும் சுமார் 27 மணித்தியாலங்கள் எடுக்கும். கட்டணம் குறைந்த இரவு நேர டேட்டாவை நம்பி, இரவுக்கு ஆறு மணித்தியாலம் மட்டும் இறக்குபவருக்கு ஐந்தாம் இரவில்தான் அது முடியும். வேகம் பாதியாகிவிட்டால் ஒன்பது இரவுகள் வேண்டும். அதன் பின்னரே தமது பழைய கணினியில் அது இயங்குமா என்பதை அவர் அறிய முடியும். விளையாட்டைத் திறந்து அமைப்புகளை மாற்றிப் பார்த்துப் போராடும் நேரமும் விளையாடிய நேரமாகவே எண்ணப்படுகிறது.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் தாக்கியபோது பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் அடைந்த துயரை எவரும் மறந்திருக்க முடியாது. உயிர்களும் வீடுகளும் பறிபோன அந்நாட்களின் முன்னால் விளையாட்டைப் பற்றிப் பேசுவதே சிறுமையாகத் தோன்றும். ஆயினும் ஓர் உண்மையை அந்நாட்கள் காட்டின. மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்து கிடக்கும்போதுங்கூட, தூரதேசத்தில் ஓடும் கடிகாரம் நிற்பதில்லை. வாங்கியவரின் நிலையை அறியாத காலக்கெடு, நியாயமான காலக்கெடுவாக இருக்க முடியாது.

சிறுவர்களின் கொள்வனவு இதைவிடப் பாரதூரமானது. பெற்றோரின் கைத்தொலைபேசியில் இலவசமாக விளையாடத் தொடங்கும் பிள்ளை, விளையாட்டினுள்ளே வைரங்களையும் ஆயுதங்களையும் உடைகளையும் பணம் கொடுத்து வாங்குகிறது. கொழும்பில் வேலை செய்யும் தந்தை குடும்பச் செலவுக்காக வங்கியிலிட்ட பணமோ, தாய் போட்டுவைத்த ரீலோடோ சிறிது சிறிதாகக் கரைகிறது. ஆங்கிலத்தில் வரும் குறுஞ்செய்தியைத் தாய் வாசித்தறியாமல், மாத இறுதியில் கணக்குப் பார்க்கும்போதே விடயம் தெரியவந்தால் 48 மணித்தியாலம் எப்போதோ கடந்திருக்கும். முன்பின் அறியாத ஒருவர் பணத்தை எடுத்துவிட்டால் 120 நாட்களுக்குள் கூகுளிடம் முறையிடலாம். எடுத்தது வீட்டுப் பிள்ளை என்றால் அந்த நீண்ட அவகாசம் பொருந்தாது.

இது பெற்றோரின் கவனயீனம் மட்டுமே என்று தட்டிக்கழிக்க முடியாது. சிறுவர்கள் பெற்றோரின் அனுமதியின்றிச் செய்த கொள்வனவுகளுக்காக, அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழுவுடன் 2014ஆம் ஆண்டில் செய்துகொண்ட இணக்கத்தின்படி ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 3 கோடி 25 இலட்சம் டொலரையும், கூகுள் குறைந்தது 1 கோடி 90 இலட்சம் டொலரையும் மீளளிக்க உடன்பட்டன. 2022ஆம் ஆண்டு டிசெம்பரில், ‘போர்ட்நைட்’ விளையாட்டைத் தயாரித்த ‘எபிக் கேம்ஸ்’ நிறுவனம், தவறுதலாக வாங்கச் செய்யும் வகையில் திரைப் பொத்தான்களை அமைத்தமை முதலிய குற்றச்சாட்டுகளின் பேரில் 24 கோடி 50 இலட்சம் டொலரை வாடிக்கையாளருக்கு மீளளிக்க இணங்கியது. அமெரிக்கத் தாய்க்குக் கிடைத்த இந்த நிவாரணம் அப்புத்தளைத் தாய்க்கு எட்டவில்லை.

அரசொன்று தலையிட்டால் என்ன நிகழும் என்பதற்கு அவுஸ்திரேலியா நல்ல உதாரணம். ‘ஸ்டீம்’ கடையை நடத்தும் ‘வால்வ்’ நிறுவனம் எச்சந்தர்ப்பத்திலும் பணம் மீளளிக்கப்படாது என்று எழுதிவைத்திருந்தமைக்கு எதிராக, அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணைக்குழு 2014இல் வழக்குத் தொடுத்தது. தாம் அமெரிக்க நிறுவனம் என்பதால் அவுஸ்திரேலியச் சட்டம் தம்மைக் கட்டுப்படுத்தாது என வால்வ் வாதிட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்நாட்டுச் சட்டத்தில் ‘பொருள்’ என்பதனுள் கணினி மென்பொருளும் அடங்கும் எனத் தெளிவாகக் கூறப்பட்டிருந்தமை வழக்கிற்குப் பெருந்துணையாயிற்று. 2016ஆம் ஆண்டு டிசெம்பரில் 30 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டமாக விதிக்கப்பட்டது. 2018இல் இறுதி மேன்முறையீட்டு முயற்சியும் தோற்றது. ஸ்டீமின் 14 நாள் ஏற்பாடு அந்த வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அறிமுகமானது என்பதும் குறிப்பிடத்தக்கது.

நிறுவனங்கள் மனம் வைத்தால் தமது விதிகளைத் தாமே தளர்த்தவும் முடியும். 2020ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளியான ‘சைபர்பங்க் 2077’ பிளேஸ்டேஷனில் சரிவர இயங்காமற் போனபோது, ஒரு வாரத்துக்குள் சோனி நிறுவனம் அதைத் தனது கடையில் இருந்து அகற்றியதோடு, கோரிய அனைவருக்கும் முழுப் பணத்தையும் மீளளிக்க முன்வந்தது. அது உலகமறிந்த விளையாட்டு. கூச்சலும் உலகளாவியதாக இருந்தது. தனியொரு தோட்டத்து இளைஞனின் குரலுக்கு அந்த வலிமை இல்லை. ஆகவேதான் சட்டம் அவன் பக்கத்தில் நிற்க வேண்டியுள்ளது.

கொண்டதைத் திருப்பும் உரிமை எமது சமூகங்களுக்குப் புதியதன்று. வணிகனின் அறத்தை வள்ளுவர் நடுவு நிலைமை என்ற அதிகாரத்திலேயே வைத்தார். இஸ்லாமிய வணிகச் சட்டம் ‘கியார்’ எனப்படும் தெரிவுரிமையை மிக நுணுக்கமாக வகுத்துள்ளது. பால் நிறைந்ததாகத் தோன்றும்படி மடி கட்டப்பட்ட ஆட்டை வாங்கியவருக்கு, மூன்று நாட்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உரிமை வழங்கினார்கள். கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் கொடுக்க வேண்டும் என்றும் பணித்தார்கள். வாங்கியவர் ஏமாறவும் கூடாது, அனுபவித்ததற்கு ஈடின்றி விற்றவர் இழக்கவும் கூடாது என்ற இருபக்க நீதி அதில் உண்டு. குறையுள்ள பொருளைத் திருப்பும் ‘கியாருல் ஐப்’ உரிமை, குறையை அறிந்தவுடன் தாமதமின்றிப் பயன்படுத்தப்பட வேண்டும் என்பது எமது நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. கடிகாரம் பணம் கொடுத்த கணத்தில் அல்ல, குறை தெரிந்த கணத்தில் ஓடத் தொடங்குகிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வகுக்கப்பட்ட இந்தத் தெளிவு, இன்றைய இணையக் கடைகளிடம் இல்லை.

எமது நாட்டுச் சட்டத்தின் நிலை என்ன? 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், பொருளைப் பரிசீலிக்க வாங்குபவருக்கு நியாயமான வாய்ப்பும் நியாயமான காலமும் இருக்க வேண்டும் என்ற கோட்பாட்டைக் கொண்டது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், ஏமாற்றும் வர்த்தக நடத்தையைத் தடை செய்வதோடு, பொருளையோ சேவையையோ பெற்ற மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறையிட இடமளிக்கிறது. இலத்திரனியல் ஒப்பந்தங்களை 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் அங்கீகரிக்கிறது. ஆனால், ஸ்டீம் தொடங்கப்பட்டதும் அதே 2003ஆம் ஆண்டிலேயே. இணையத்தில் இறக்கப்படும் விளையாட்டை மனதிற் கொண்டு அந்தச் சட்டம் இயற்றப்படவில்லை என்பது வெளிப்படை.

எனவே சம்பந்தப்பட்ட அமைச்சும் அதிகாரசபையும் சில விடயங்களில் ஆவன செய்ய வேண்டும். மென்பொருளும் விளையாட்டும் சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவை என்பது ஐயமற எழுதப்பட வேண்டும். காலக்கெடு, வாங்கியவர் முதன்முதலில் பயன்படுத்தக்கூடிய நிலையை அடைந்ததில் இருந்து கணக்கிடப்பட வேண்டும். பழுதான விளையாட்டுக்கும் மனம் மாறியதால் திருப்பப்படும் விளையாட்டுக்கும் வெவ்வேறு விதிகள் தேவை. 18 வயதுக்குக் குறைந்தவர் செய்த கொள்வனவுக்கு, பெற்றோர் அறிந்த நாளில் இருந்து நியாயமான அவகாசம் வேண்டும். நிபந்தனைகள் பணம் செலுத்துவதற்கு முன்னரே தமிழிலும் சிங்களத்திலும் காட்டப்பட வேண்டும். ஸ்டீம் 2023இல் இலங்கையை உள்ளடக்கித் தெற்காசியாவுக்கெனத் தனி விலைப் பிரிவொன்றை ஏற்படுத்தியது. எமக்கெனத் தனி விலை வகுக்க முடிந்தவர்களுக்கு எமது மொழியில் நிபந்தனைகளைக் காட்டுவது கடினமாக இருக்காது.

சட்டம் மாறும் வரை வாசகர்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும். வாங்குமுன் தமது கருவிக்கு அவ்விளையாட்டு பொருந்துமா என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது. டேட்டா கையில் உள்ள நாளிலேயே வாங்குவது, இறங்கியவுடன் திறந்து சோதிப்பது, சந்தேகம் எழுந்தால் காத்திராமல் அன்றே மீளளிப்புக் கோருவது ஆகியன பயன் தரும். கொள்வனவுக்குக் கடவுச்சொல் கேட்கும்படி கைத்தொலைபேசியை அமைத்துவிட்டே பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். வங்கி அட்டையின் இலக்கத்தை எந்தக் கடையிலும் எழுதிக் கொடுக்கலாகாது. பணம் செலுத்திய பற்றுச்சீட்டுகளைப் பேணி வைத்தலும் அவசியம். உள்ளூர் முகவரிடம் வாங்கி ஏமாற்றப்பட்டால், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை 1977 என்ற இலக்கத்தில் தொடர்புகொண்டு மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிடலாம்.

பதின்மூன்று நாட்கள் மலையேறிச் சேர்த்த பணத்துக்கு 48 மணித்தியாலம் மட்டுமே பாதுகாப்பு என்பதை நடுநிலையாளர் எவரும் நியாயம் என்று கூற மாட்டார். விற்பவரின் கடிகாரத்தையும் வாங்குபவரின் நிலையையும் ஒருசேரப் பார்க்கும் விதிகளை வகுப்பது அரசின் கடமை. அந்தக் கடமையில் இனியும் பாராமுகம் கூடாது.