பேங்கில் இருப்பதெல்லாம் நம் பணமல்ல

மாவட்டத் தலைநகரங்களில் தொண்டு நிறுவனங்களுக்காக நடக்கும் நிதி மேலாண்மைப் பயிற்சிகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பு. குத்துவிளக்கு, பொன்னாடை, பிறகு ஓர் ஆடிட்டர். திரையில் ஆங்கிலத்தில் 12ஏ, 80ஜி, எஃப்.சி.ஆர்.ஏ. என்று மதியச் சாப்பாடு வரை ஓடும். சாப்பாடு முடிந்ததும் பாதிப் பேர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்த மாதச் சம்பளத்தை எந்தத் திட்டத்துப் பணத்திலிருந்து எடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு அன்று ஒரு பதிலும் கிடைத்திருக்காது.

ஐந்தாறு ஊழியர்கள், ஆண்டுக்கு இருபது முப்பது லட்சம் வரவு, வாரம் இரண்டு நாள் வந்துபோகும் கணக்காளர். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட டிரஸ்டுகளும் சங்கங்களும் ஏராளம். இவர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடத்த நினைப்பவர் எதைச் சொல்லித்தரலாம், எதை விட்டுவிடலாம் என்பதைப் பார்ப்போம்.

முதலில், யாரைக் கூப்பிடுவது? கணக்காளரை மட்டும் அனுப்பிவைப்பதுதான் வழக்கம். அவர் கற்றுக்கொண்டு போய் அலுவலகத்தில் சொன்னால், ‘அதெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்குவார்’ என்பார் செயலாளர். அத்துடன் கதை முடிந்தது. செக்கில் கையெழுத்துப் போடுபவரும் கணக்கு எழுதுபவரும் சேர்ந்து வரவேண்டும். ஒருவர் மட்டும்தான் வரமுடியும் என்றால் அடுத்த முறை வரச் சொல்லிவிடலாம். அதில் தயவு பார்க்கத் தேவையில்லை. இருபது, இருபத்தைந்து பேருக்கு மேல் வேண்டாம்.

எப்போது நடத்துவது என்பதும் முக்கியம். கணக்கை முடித்துவிட்டு ஜூலையில் உட்கார்ந்தால், நடந்ததைப் பற்றிப் பேசலாமே தவிர மாற்ற முடியாது. பொங்கல் முடிந்த கையோடு நடத்தினால் மார்ச் 31க்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும். கோளாறு தெரிந்தாலும் சரிசெய்ய நேரம் உண்டு. வருகிறவர்கள் கடைசி மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட், பத்து வவுச்சர்களின் நகல், ஒரு நிதியாளர் கொடுத்த ஒப்புதல் கடிதம் ஆகியவற்றைக் கொண்டுவரட்டும். நகல்களில் ஆட்களின் பெயர்களை மையால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

முதல் பயிற்சியைக் கரும்பலகையில் நான்கே வரியில் தொடங்கலாம். மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்தும் ஒரு டிரஸ்டை எடுத்துக்கொள்வோம். ஜனவரி 10ஆம் தேதி பேங்கில் ரூ.4,60,000 இருக்கிறது. செயலாளர் நிம்மதியாக இருக்கிறார். அந்தப் பணத்தில் ஒரு கம்பெனி சி.எஸ்.ஆர். நிதியாக ஆசிரியர் ஊக்கத்தொகைக்கும் அறிவியல் கருவிகளுக்கும் கொடுத்ததில் மிச்சம் ரூ.3,10,000. ஒரு பள்ளியில் கழிப்பறை கட்ட ஒருவர் கொடுத்த ரூ.80,000 அப்படியே இருக்கிறது. வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. இரண்டும் சேர்ந்து ரூ.3,90,000 போனால் மீதி ரூ.70,000. இனி கொடுக்கவேண்டிய பாக்கியைப் பார்ப்போம். அலுவலக வாடகை இரண்டு மாதம் ரூ.24,000, ஆடிட்டர் கட்டணம் ரூ.30,000, அச்சகத்துக்கு ரூ.40,000, கட்டவேண்டிய பி.எஃப்., டி.டி.எஸ். ரூ.16,000. மொத்தம் ரூ.1,10,000. ஆக, நாலரை லட்சத்துக்கு மேல் வைத்திருக்கும் டிரஸ்ட், உண்மையில் நாற்பதாயிரம் பள்ளத்தில் நிற்கிறது.

இதே கணக்கை அவரவர் ஸ்டேட்மென்டை வைத்து அங்கேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும். அன்றைய தினத்தின் மிக முக்கியமான மணி நேரம் அதுதான். பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது கொடுத்துவைத்த பணம் நம் பீரோவில் இருப்பதால் நம்முடையதாகிவிடாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எல்லாத் திட்டப் பணமும் ஒரே பேங்க் கணக்கில் கலந்து கிடக்கும்போது மறந்துபோகிறது. வாடகை கேட்டுக் கட்டட உரிமையாளர் நெருக்குகிறார் என்று கழிப்பறைப் பணத்தில் கைவைப்பார்கள். அடுத்த நன்கொடை வந்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைப்பார்கள். அது வராது. நிதியாளர் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்பார். யாரும் ஒரு ரூபாய்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாமலேயே, நடக்காத செலவை நடந்ததாக எழுதவேண்டிய நிலை வந்துவிடும்.

தீர்வு பெரிய வித்தை இல்லை. பணம் உள்ளே வரும் அன்றே, அது எந்தத் திட்டத்துக்கு என்று ரசீதிலேயே எழுதவேண்டும். வவுச்சரிலும் அப்படித்தான். டேலி வைத்திருப்பவர்களுக்கு இதற்கென்றே ‘காஸ்ட் சென்டர்’ வசதி இருக்கிறது. மென்பொருளுக்குக் காசு கொடுத்தும் அதைத் திறந்தே பார்க்காத அலுவலகங்கள் நிறைய. டேலி இல்லையா, நோட்டில் திட்டத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும்.

அடுத்து வவுச்சர். ஒரு நிறுவனத்தின் பத்து வவுச்சர்களை இன்னொரு நிறுவனத்திடம் கொடுத்து, ‘நீங்கள்தான் ஆடிட்டர்’ என்று சொல்லிவிடுங்கள். அறையில் சிரிப்பும் சூடும் ஒன்றாகக் கிளம்பும். செலவு எதற்கு, எந்தத் திட்டம், ஒப்புதல் கையெழுத்து உண்டா, வாங்கியவர் கையெழுத்து உண்டா, பில் எங்கே என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கம் வாங்கியவரின் கையெழுத்து ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் இருக்கிறதா? பெட்ரோல் பங்க்கிலும் ஓட்டலிலும் கொடுக்கும் வழவழப்பான பில்லில் எழுத்து சில மாதங்களில் மறைந்துவிடும். தணிக்கைக்குப் போகும்போது வெறும் வெள்ளைத் தாள்தான் கோப்பில் இருக்கும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துப் பின்னால் இணைக்கவேண்டும் என்பதை எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லித்தராது.

இந்த இடத்தில் சட்டத்தைக் கொண்டுவந்தால் மனதில் நிற்கும். ஒரே நாளில் ஒரே ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருமான வரிக் கணக்கில் அது அறப்பணிக்குச் செலவிட்டதாக ஏற்கப்படாது. பந்தல்காரருக்குக் கொடுத்த 18,000 ரூபாயை ஒன்பதாயிரம் ஒன்பதாயிரமாக இரண்டு வவுச்சர் போட்டாலும் கதை அதேதான். அந்த நாளின் மொத்தத்தைத்தான் பார்ப்பார்கள். வரவுப் பக்கத்தில், இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கமாக நன்கொடை கொடுத்தவருக்கு நன்கொடைக்கான 80ஜி வரிச் சலுகை கிடைக்காது. ரசீது போடும்போதே அவரிடம் சொல்லிவிட்டால் பின்னால் மனஸ்தாபம் இருக்காது. நன்கொடையாளர் பட்டியலை, பான் எண் போன்ற விவரங்களோடு, நிதியாண்டு முடிந்து மே 31க்குள் வரித்துறைக்குத் தாக்கல் செய்து, ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் தரவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ.200 கட்டணம். விவரத்தை ஏப்ரலில் போன் போட்டுக் கேட்பதைவிட, ரசீதுப் புத்தகத்திலேயே பான் எண்ணுக்கு ஒரு கட்டம் அச்சிட்டுவிடலாம்.

பிரிவு எண்களையும் படிவ எண்களையும் மனப்பாடம் செய்யவைக்கத் தேவையில்லை. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்றாகி, எண்கள் எல்லாம் மாறியிருக்கின்றன. மேலே சொன்ன அடிப்படை விதிகள் தொடர்கின்றன. எண்ணை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். அவரை வைத்திருப்பதே அதற்குத்தான்.

விதிகளில் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பது ஒன்று உண்டு. லாப நோக்கமற்ற நிறுவனம் என்றால் ஆண்டுக் கடைசியில் பைசா மிச்சம் இருக்கக் கூடாது என்று நினைக்கிறார்கள். விளைவு, மார்ச் கடைசி வாரத்தில் அவசர அவசரமாக நாற்காலி, பீரோ, பிரிண்டர் என்று வாங்கிக் குவிப்பது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வருமானத்தில் 85 சதவீதம் அறப்பணிக்குச் செலவாகவேண்டும். 15 சதவீதத்தை நிபந்தனையின்றி ஒதுக்கிவைத்துக்கொள்ளலாம். இருபது லட்சம் வருமானம் என்றால் 17 லட்சம் செலவிட்டாகவேண்டும். 14 லட்சம்தான் செலவானது என்றால் விடுபட்ட மூன்று லட்சத்தை, இன்ன காரியத்துக்கு என்று எழுதி உரிய படிவத்தை நேரத்தில் தாக்கல் செய்து, ஐந்தாண்டுக்குள் செலவிடும்படி சேர்த்துவைக்கலாம். அந்த 15 சதவீதத்தை, அதாவது ஆண்டுக்கு மூன்று லட்சத்தை, பொது நிதியாகச் சேர்த்துவந்த டிரஸ்ட், காலையில் பார்த்த அந்த நாற்பதாயிரம் பள்ளத்தில் விழுந்திருக்காது.

வாடகையையும் ஆடிட்டர் கட்டணத்தையும் எந்த நிதியாளரும் தரமாட்டார் என்பது பாதி உண்மைதான். கேட்காமல் விட்டவர்களே அதிகம். மாத வாடகை ரூ.12,000, மூன்று திட்டங்கள், ஊழியர்களின் நேரத்தில் பாதி ஒரு திட்டத்துக்குப் போகிறது என்றால் வாடகையிலும் ரூ.6,000 அந்தத் திட்டத்தின் பட்ஜெட்டில் வரலாம். இந்தப் பங்கீட்டு முறையை அறங்காவலர் கூட்டத்தில் தீர்மானமாக எழுதிவைத்து, விண்ணப்பிக்கும்போதே காட்டவேண்டும். செலவழித்த பிறகு கேட்டால் கிடைக்காது.

வெளிநாட்டு நிதியைப் பொதுப் பயிற்சியோடு கலக்காதீர்கள். எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாத நிறுவனத்துக்கு அது வீண் மணி நேரம். பதிவு உள்ளவர்களுக்கோ ஒரு மணி நேரம் போதாது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பணம் முதலில் ஸ்டேட் பேங்கின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வரவேண்டும். நிர்வாகச் செலவின் வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20ஆகக் குறைந்தது. ஒரு நிறுவனம் வாங்கி இன்னொன்றுக்குக் கொடுப்பதும் தடை. பெரிய நிறுவனங்கள் வழியாக வந்த அந்தப் பணத்தை நம்பியிருந்த சின்ன நிறுவனங்கள் இதனால் தடுமாறின. இதற்குத் தனியாக ஒரு நாள் வைக்கலாம்.

மாலையில் எல்லோரும் களைத்திருக்கும்போது பேசவேண்டியது ஆட்களைப் பற்றி. கையெழுத்துப் போடவேண்டிய அறங்காவலர் வெளியூரில் இருப்பார். வரும்போது செக் புத்தகம் முழுக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். நம்பிக்கைதான், ஆனால் நாளை ஒரு பிரச்சினை வந்தால் முதலில் மாட்டுவது அந்த நம்பிக்கைக்குரிய கணக்காளர். மூன்றே பேர் இருக்கும் அலுவலகத்திலும், செலவுக்கு ஒப்புதல் தருபவர் ஒருவர், ரொக்கம் வைத்திருப்பவர் ஒருவர், பேங்க் ஸ்டேட்மென்டையும் ரொக்கப் புத்தகத்தையும் மாதாமாதம் ஒப்பிட்டுக் கையெழுத்திடுபவர் இன்னொருவர் என்று பிரித்துவிடலாம். களப்பணிக்கு அட்வான்ஸ் வாங்கியவர் அதை முடிக்காமல் அடுத்த அட்வான்ஸ் இல்லை என்பதைச் செயலாளருக்கும் சேர்த்தே விதியாக்கவேண்டும். பெரும்பாலும் அவர் பெயரில்தான் பாக்கி நிற்கும்.

1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள், கணக்கை எல்லோர் முன்னும் வைப்பதில் நமக்கு முன்னோடி. குழுக் கூட்டத்தில் வரவு, செலவு, யாரிடம் எவ்வளவு கடன் என்பதை எல்லோர் காதிலும் விழும்படி வாசிக்கும் வழக்கம் உண்டு. அந்தக் குழுக்களை உருவாக்கிப் பயிற்சி கொடுத்த தொண்டு நிறுவனங்கள் பலவற்றில், அறங்காவலர் கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்படுவதே இல்லை. காலையில் கரும்பலகையில் போட்ட நான்கு வரிக் கணக்கை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறங்காவலர் கூட்டத்தில் வாசித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டினால் போதும்.

பயிற்சி இலவசமாக வேண்டாம். சாப்பாட்டுச் செலவுக்காவது கட்டணம் வையுங்கள். நிறைவு விழா, சான்றிதழ், குரூப் போட்டோ எல்லாம் அவரவர் விருப்பம். பிப்ரவரி 10ஆம் தேதிக்குள் ஜனவரி மாத பேங்க் ஒப்பீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், மார்ச்சிலும் ஏப்ரலிலும் அதே தேதியில் கேளுங்கள். அனுப்பாதவர்களுக்கு நீங்களே போன் போடவேண்டியிருக்கும். பயிற்சியாளருக்குப் பேசும் கட்டணத்தை, இந்த மூன்று மாத வேலையையும் சேர்த்தே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.