பெரட்டுக் களமும் கணினிப் பதிவேடும்

கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டம் மலாயாவின் செம்பனை வரலாற்றில் முதலிடம் பெற்றது. 1917ஆம் ஆண்டில் வாணிக நோக்குடன் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது அங்கேதான். பெயரோ நம் தென்னை மரத்தின் பெயர். அத்தோட்டத்தைச் சூழ்ந்த ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம் வட்டாரங்களில் நம்மவர் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த காட்சி ஒன்றுண்டு. அதுதான் விடியுமுன் நடந்த பெரட்டு. கிராணியார் செக்ரோலைப் பார்த்துப் பெயர்களைக் கூப்பிடுவார். வந்தவருக்கு ஒரு குறி, வராதவருக்கு வேறொரு குறி. வேலைக்கு வந்த ஆட்களின் தொகையைக் கொண்டே கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்த காலத்தில், ஏட்டிலுள்ள தலையும் களத்தில் நிற்கும் தலையும் ஒத்திருப்பது பணக் காரியமாகவும் இருந்தது.

பல கணினிகள் ஒன்றோடொன்று இணைந்த தொகுதியைப் பிணையம் என்கிறோம். அப்பிணையத்தில் எவ்வெக் கருவிகள் உள்ளன, அவற்றின் நிலை யாது என்று கணக்கெடுக்கும் மென்பொருளின் வேலை ஏறக்குறைய கிராணியாரின் வேலையே.

பள்ளி ஆசிரியர்களுக்குக் கணக்கெடுப்பு புதிதன்று. தோட்டப் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளிலும் பிற அரசாங்கப் பள்ளிகளிலும் அறைதோறும் வைக்கப்படும் 'கெவ்.பி.ஏ. 7' என்னும் சொத்துப் பட்டியலை அவர்கள் நன்கு அறிவர். நாற்காலி எத்தனை, மேசை எத்தனை, கணினி எத்தனை என்பதை அது சொல்லும். ஆண்டுக்கொரு முறையேனும் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. நாற்காலிக்கு அது போதும். கணினிக்குப் போதாது. நேற்றிருந்த நாற்காலிதான் இன்றும் இருக்கிறது; கணினியோ வெளியே மாறாமல் உள்ளே நாள்தோறும் மாறுகிறது. அதில் எந்தப் பதிப்பு ஓடுகிறது, புதுப்பிப்பு எந்நாளில் ஏறியது என்பவற்றைக் காகிதப் பட்டியல் காட்டாது.

இங்கேதான் கட்டளைத்தொடர் உதவுகிறது. மேலாளர் ஒருமுறை எழுதிவைக்க, எந்திரம் சலிப்பின்றித் திரும்பத் திரும்ப நிறைவேற்றும் ஏவல்களின் வரிசை அது. சிறு பிணையம் ஒன்றில் பொதுவாக 254 முகவரிகள் இருக்கும். அதற்கான தொடரைத் தமிழில் சொன்னால் இவ்வாறு அமையும்: 'ஒன்று முதல் 254 வரை ஒவ்வொரு முகவரியையும் கூப்பிடு. பதில் வந்தால், கணினியின் பெயர், வரிசை எண், பதிப்பு, கடைசிப் புதுப்பிப்பின் நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொள். பதில் வராவிடில் பெயரை அடித்துவிடாதே. கடைசியாகக் கண்ட நாளை மட்டும் எழுதிவை.' இறுதி வரி மிக இன்றியமையாதது. காய்ச்சலில் படுத்தவனைக் கிராணியார் வராதவன் என்று குறித்தாரேயன்றி, தோட்டத்தை விட்டே போனவன் என்று எழுதிவிடவில்லை. அணைந்திருக்கும் கணினியும் அப்படியே.

ஆளை அடையாளங் காண்பது மற்றொரு சிக்கல். ஒரே செக்ரோலில் மூன்று முனியாண்டிகள் இருந்தால் தகப்பன் பெயரும் எண்ணும் கொண்டு பிரித்தறிய வேண்டும். பிணைய முகவரி இன்று ஒன்றும் நாளை வேறொன்றுமாக மாறக்கூடியது. அதை நம்பினால் ஒரே கணினி இருமுறை பதிவாகும். ஆகவே, பிணைய அட்டையில் பொறிக்கப்பெற்ற 48 பிட் எண்ணை மென்பொருள் நாடுகிறது. அதன் முதற்பாதி, ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் கழகம் உற்பத்தியாளருக்கு ஒதுக்கித் தருவது. புதிய ஒதுக்கீடுகள் சேர்ந்துகொண்டே இருப்பதால், கணக்கெடுக்கும் மென்பொருளுக்கே அவ்வப்போது புதுப்பிப்பு வேண்டும். இல்லையேல் புதுக் கருவியைக் கண்டும் யாருடையதென்று தெரியாமல் விழிக்கும். இக்காலக் கைப்பேசிகள் இவ்வெண்ணையும் மாற்றிப் பொய்யெண் காட்டுவதால், வரிசை எண்ணையும் சேர்த்துப் பார்ப்பதே நலம்.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். 2017 மார்ச் 14இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸின் ஓட்டை ஒன்றை அடைக்கும் புதுப்பிப்பை வெளியிட்டது. மே 12இல் 'வான்னாக்ரை' என்னும் தீநிரல் அவ்வோட்டை வழியே புகுந்து, ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்திற்கு மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. மருந்து கைக்கு வந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. எந்தெந்தக் கணினி அதை இன்னும் உண்ணவில்லை என்று சொல்லும் பட்டியல்தான் பல இடங்களில் இல்லை.

ஆயின், எல்லாவற்றிலும் ஒரே நொடியில் புதுப்பிப்பை ஏற்றுவதும் அறிவுடைமையன்று. 2024 ஜூலை 19இல் 'கிரௌட்ஸ்டிரைக்' என்னும் காவல் மென்பொருளின் பழுதுற்ற புதுப்பிப்பொன்று ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்தது. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் ஏர் ஏசியா பயணிகளின் பதிவும் அன்று தடைப்பட்டது. திருத்தம் விரைவிலேயே வந்தும், விழுந்த கணினிகளுள் மிகப் பலவற்றை ஆள் நேரில் சென்று கையால் எழுப்ப வேண்டியதாயிற்று. எது எந்த அறையில் இருக்கிறது என்று எழுதிவைத்தவர்கள் நேரே சென்றார்கள். எழுதாதவர்கள் தேடி அலைந்தார்கள்.

புதிய களைக்கொல்லியை ஒரு நிரையில் தெளித்துப் பார்த்துவிட்டு மறு நிரைக்குப் போவது போல, முதலில் இரண்டொரு கணினிகளில் ஏற்றி, ஓரிரு நாள் பொறுத்து, பின்னர் ஏனையவற்றிற்குக் கொடுக்குமாறு கட்டளைத்தொடரை எழுதலாம். அத்தொடருக்கு மேலாளரின் கடவுச்சொல் வேண்டும். அச்சொல்லைத் தொடரின் உள்ளேயே எழுதிவைக்கும் பழக்கம் பரவலாக உள்ளது. அது வீட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதாகும்.

விண்டோஸ் 10க்கான பொதுவான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14உடன் நின்றன. விண்டோஸ் 11க்கு மாறுவதற்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். பழைய கணினிகள் பலவற்றில் அது இல்லை. முப்பது கணினிகள் உள்ள பள்ளியில் எத்தனை மாறத்தக்கவை, எத்தனை மாற்றவியலாதவை என்பதை நான்கைந்து வரிக் கட்டளைத்தொடர் சில நிமிடங்களில் பிரித்துக் காட்டிவிடும். புதுக் கணினி வேண்டி மாவட்டக் கல்வி அலுவலகத்திற்கு எழுதும் விண்ணப்பத்தோடு அப்பட்டியலையும் இணைத்து அனுப்பலாம்.