இறையருளும் மனந்திரும்புதலும்: கிறித்துவச் சிந்தனையில் ஒரு நோக்கு

மனிதன் தன் முயற்சியால் இறைவனை நாடுகிறானா, இறைவன் அருளியபின்னரே நாடுகிறானா என்னும் வினா சமயங்கள் பலவற்றிற்கும் பொதுவானது. வைணவத்தில் வடகலையார் குரங்குக்குட்டியையும் தென்கலையார் பூனைக்குட்டியையும் உவமையாகக் காட்டுவதை நாம் அறிவோம். முன்னது தாயை இறுகப் பற்றுவது. பின்னது தாயால் கவ்விச் செல்லப்படுவது. இவ்வினாவைக் கிறித்துவம் எங்ஙனம் எதிர்கொண்டது என்பதை இங்கு நோக்குவோம்.

கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியுஸ் என்பார், இறைக்கட்டளைகளை நிறைவேற்றும் ஆற்றல் மனித இயல்பிலேயே உண்டு என்று கற்பித்தார். ஆற்றல் இல்லாதவனுக்குக் கட்டளையிடுதல் நீதியன்று என்பது அவர்தம் வாதம். வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகர ஆயராக விளங்கிய அகஸ்தீன் (354–430) இதனை மறுத்தார். பாவத்தால் நலிந்தது அறிவு மட்டுமன்று, விருப்பமும் நலிந்தது. நலம்பெற விரும்புவதற்கே அருள் வேண்டும் என்றார் அவர். 418இல் கூடிய கார்த்தேஜ் சங்கம் பெலாஜியக் கருத்துகளைக் கண்டித்தது.

பின்னர், தென் பிரான்சுப் பகுதித் துறவியர் சிலர் இடைவழி ஒன்றைக் கூறினர். நம்பிக்கையின் முதலடியை மனிதன் எடுத்து வைக்கலாம்; அருள் அதனை வளர்க்கும் என்பது அவர்தம் கருத்து. 529இல் ஒரான்ஜ் நகரில் கூடிய சங்கம் இதனை ஏற்கவில்லை. நம்ப வேண்டும் என்னும் விழைவே அருளின் கொடை என்றது. அதேவேளை, இறைவன் சிலரைத் தீமைக்கென்றே முன்குறித்தான் என்னும் எண்ணத்தையும் அது கடிந்து விலக்கியது.

அவ்வாறாயின், தவறு செய்வோரைத் திருத்த முனைவதாற் பயன் என்ன? அகஸ்தீனின் முதுமையில், ஹத்ருமேத்தும் என்னும் ஊரின் மடத்துத் துறவியரிடையே இவ்வினா எழுந்தது. மேலோர் கண்டிக்க வேண்டா, தங்களுக்காக வேண்டிக்கொண்டாற் போதும் எனச் சிலர் கருதினர். அகஸ்தீன் இதற்கு இசையவில்லை. அருள் எவரிடத்துச் செயற்படும் என்பதை மனிதர் அறியார். ஆதலின் எல்லாரையும் அன்புடன் கண்டித்தல் கடன். அக்கண்டனமே அருளின் கருவியாகலாம் என்பது அவர்தம் விடை. கற்பிப்போர் அனைவரும் எண்ணிப் பார்க்கத்தக்க விடை இது.

எனவே, பூனைக்குட்டி உவமை இங்கு முழுதும் பொருந்துவதன்று. அருள் மனித விருப்பத்தை அகற்றிவிட்டுச் செயற்படுவதில்லை; அதனைக் குணமாக்கிச் செயற்பட வைக்கிறது. தமிழிலக்கணம் இதனை விளக்கத் துணைசெய்கிறது. 'திரும்பு' என்பது தன்வினை. 'திருப்பு' என்பது பிறவினை. மனந்திரும்புதல் என்னும் தமிழ்க் கிறித்துவச் சொல் தன்வினையில் அமைந்துள்ளது. இறைவன் திருப்புகிறான் என்பதனால் மனிதன் திரும்புதல் பொய்யாவதில்லை. திருப்பப்பட்டவனே உண்மையில் திரும்புகிறான் என்பதே அகஸ்தீன் வழிவந்த கொள்கையின் சாரம் எனலாம்.